அச்சைத் திறக்கும் நேரம்

நூற்று நாற்பத்தைந்து டிகிரியில்
ஒரு லாரி டயர் வெந்துகொண்டிருந்தது.
நான் பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள்
வெள்ளிமலை கேட்டான்:
"எரிமலை எப்பிடிண்ணே இருந்துச்சு?"

விற்பனை இலக்கைத் தாண்டியதற்காக
கம்பெனி கூட்டிப்போன பயணம்.
திண்டுக்கல் டீலர், கோவில்பட்டி டீலர்,
ஊறுகாய் பாட்டிலும் குரங்குக் குல்லாயுமாய்ப்
பதினான்கு பேர்.
ஜாவாத் தீவில் ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி
ஆளுக்கொரு ரப்பர் முகமூடி கொடுத்து
ஏறுங்கள் என்றார்கள்.
பாதி வழியில் எட்டுப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.
"ஓசியில கெடைக்குதுன்னு
இம்புட்டு மூச்சு வாங்கக் கூடாதுய்யா"
என்றார் கோவில்பட்டிக்காரர்.

நான் ஏறினேன்.
விளிம்பில் நின்று முகமூடியைக் கழற்றினேன்.

வெள்ளிமலை,
கடல் தாண்டி, ரெண்டு விமானம் மாறி,
பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி
நான் போய்ச் சேர்ந்தது
ஒத்தக்கடையில் இருக்கும் நம் கடைக்குத்தான்.
அதே நாற்றம்.
நீ அச்சைத் திறந்ததும் முகத்தில் அறையுமே, அது.
வீட்டில் சோற்றுத் தட்டு வரைக்கும் கூட வருமே, அது.
நம் போர்டில் பெயிண்டர் கோணலாக எழுதிய
'வல்கனைசிங்' கூட
ஏதோ சீமையின் நெருப்புச் சாமி பேராம்,
எரிமலைக்கும் அந்தப் பேர்தானாம்.
வழிகாட்டிப் பையன் சொன்னான்.
இருபத்திரண்டு வருஷமாக
யாருக்கு ஊதுபத்தி கொளுத்துகிறோம் என்று தெரியாமல்
கொளுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

கீழே குழியில் நீலமாய் எரிந்தது.
சிம்மில் வைத்த கேஸ் அடுப்பு மாதிரி,
யாருக்கு உலை வைத்தது என்று தெரியாத அடுப்பு.
அதற்குள்ளிருந்து ஒரு ஆள் ஏறி வந்தான்.
தோளில் மூங்கில், இரண்டு பக்கமும் கூடை,
கூடை நிறைய மஞ்சள் பாறை.
வாயில் ஈரத்துணியைக் கடித்திருந்தான்.
முகமூடிகள் எங்களிடம் இருந்தன.

கிலோ என்ன விலை என்று கேட்டேன்.
வியாபாரிப் புத்தி, வேறென்ன.
சொன்ன தொகையை
செல்போனில் ரூபாயாக்கிப் பார்த்தேன்.
நம் முக்குக் கடையில் ஒரு டீ குடிக்க
அவன் இரண்டு கிலோ சுமக்க வேண்டும்.
எல்லோரும் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.
நானும்.

கூடையை இறக்கிவிட்டுத் தோளைத் தேய்த்தான்.
எலும்பின் மேல் கொழுக்கட்டை அளவுக்குச்
சதை திரண்டு கிடந்தது.
எனக்கு உன் வலது முழங்கை ஞாபகம் வந்தது.
போன ஆடியில் நீராவிக் குழாய் பிடுங்கியடித்து
உரிந்து, பிறகு எப்படியோ ஒட்டிக்கொண்ட தோல்.
அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை.
ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தை
உன் முன்பணக் கணக்கில்தான்
எழுதி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
"நம்ம கட மாதிரித்தாண்டா" என்றேன்.
சிரித்தான்.
"அப்ப என்னய அனுப்பிருக்கலாம்லண்ணே,
எனக்குப் பழக்கந்தான."

ரோட்டுக்கு அந்தப் பக்கம்
யானைமலை வெயிலில் படுத்திருந்தது.
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக
அது மூச்சு விடுகிறதா என்று பார்த்தேன்.
முதுகுக்கு மேலே ஒரு பருந்து.
மேலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

மணி அடித்தது. அச்சைத் திறக்கும் நேரம்.
வழக்கமாக அப்போது
கண்ணாடி அறைக்குள் போய்விடுவேன்.
இன்று நின்றேன்.
பைக்குள் கிடந்தது
திருப்பித் தர மறந்த அந்த முகமூடி.
எடுத்துக் கொடுத்தேன்.
மாட்டிப் பார்த்தான், ஒரு நிமிஷம்கூட இல்லை.
"மூச்சு முட்டுதுண்ணே."
காலண்டர் ஆணியில் தொங்கவிட்டுவிட்டு
வெறும் முகத்தோடு
புகைக்குள் குனிந்தான்.

ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு
நோட்டைப் பிரித்தேன், ஆடி மாதப் பக்கம்.
அடிக்க வேண்டியது ஒரே ஒரு வரி.
பேனா எழுதுகிறதா என்று
ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன்.

எழுதியது.